பிரெஞ்சு ‘உ’வும் எதிர்வீட்டுச் சங்கும்

என் உதடுகளை நான் ஒரு காலத்தில் முழுமையாக நம்பியிருந்தேன். இட்லி தின்ன, மண்குவளையில் டீ உறிஞ்ச, தமிழிலும் வங்காளத்திலும் மாற்றி மாற்றிப் பொய் சொல்ல, எல்லாவற்றுக்கும் அவை ஒழுங்காகவே ஒத்துழைத்துவந்தன. பிரெஞ்சு மொழியின் ஒரே ஓர் உயிரெழுத்து வந்து அந்த நம்பிக்கையில் மண்ணைப் போட்டது. என்னோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அது எங்கள் பெஹாலா சந்து முழுவதையும் வாசலுக்கு இழுத்து, அப்பாவை லுங்கியோடு மாடிப்படியில் ஓடவிட்டு, அக்காவின் காதலைப் பாரிஸ் வரைக்கும் தெரியப்படுத்திவிட்டுத்தான் ஓய்ந்தது.

எங்கள் வீட்டில் இந்தக் கதையை ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். எல்லோர் கதையிலும் நான்தான் கோமாளி. என் கதையிலும் அப்படித்தான், ஆனால் கொஞ்சம் மரியாதையான கோமாளி.

அப்போது நான் சால்ட் லேக்கில் ஒரு கம்பெனியில் இருந்தேன். வெளிநாட்டு வாடிக்கையாளர்களிடம் ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்பது என் வேலை. (தப்பு செய்வது வேறு டிபார்ட்மென்ட்.) அதே மாடியில் பிரெஞ்சில் மன்னிப்புக் கேட்கும் குழு ஒன்று இருந்தது. அவர்களுக்குத் தனி அறை, தனி காபி மெஷின். முக்கியமாக, தேர்வானவர்களைப் பயிற்சிக்கு ஆறு மாதம் பாரிஸுக்கு அனுப்புவார்கள். ஒரு வாய்மொழித் தேர்வில் தேறினால் போதும். வீட்டிலிருந்தே வீடியோவில் பேசலாம். இதைக் கேள்விப்பட்ட அன்றே நான் பாரிஸ் போவதாக எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். எங்கள் சந்து மீன்காரர் வரைக்கும் விஷயம் போய், அங்கே மீன் எப்படி என்று பார்த்துச் சொல்லும்படி கேட்டுக்கொண்டார். அப்போது எனக்கு பிரெஞ்சில் ‘போன்ஜூர்’ மட்டும் தெரியும்.

காளிகாட் மெட்ரோவுக்குப் பக்கத்துச் சந்தில், ஒரு புடவைக் கடையின் மாடியில் வகுப்பு. டீச்சர் பெயர் ரியா. என்னைவிடச் சின்னப் பெண். ஆனாலும் டீச்சர் ஆயிற்றே என்று நான் ‘ரியாதி’ என்பேன், வயதில் மூத்தவன் ஆயிற்றே என்று அவர் என்னைக் ‘கார்த்திக்தா’ என்பார். இப்படி ஒருவரையொருவர் அக்கா, அண்ணன் என்று அழைத்துக்கொண்டு பிரெஞ்சு பயின்றோம். ரியாதிக்குச் சொந்த ஊர் சந்தன்நகர். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊர் என்பதால் அந்த மொழி தன் பாட்டன் சொத்து என்ற நினைப்பு அவருக்கு உண்டு. நானும் விடவில்லை. எங்கள் பக்கம் பாண்டிச்சேரி இருக்கிறதே என்றேன். (பாண்டிச்சேரிக்கு நான் ஒரே ஒரு முறை, ஏழு வயதில் போயிருக்கிறேன். பஸ்ஸில் வாந்தி எடுத்ததைத் தவிர வேறெதுவும் நினைவில்லை.)

ஆரம்பத்தில் என் கொடி பறந்தது. மூக்கால் சொல்ல வேண்டிய உயிரொலிகள் பிரெஞ்சில் சில உண்டு. வங்காளிகளுக்கு அது பிறவியிலேயே வரும். எனக்கு வராது என்றுதான் ரியாதி நினைத்தார். நானோ வீட்டில் யோசித்துப் பார்த்தேன். ‘மரம்’ என்று எழுதுகிறோம், பேசும்போது யார் உதட்டை மூடி ‘ம்’ சொல்கிறார்கள்? அது பாட்டுக்கு மூக்கோடு போய்விடுகிறது. ‘நான் வந்தேன்’ என்பதும் அப்படித்தான். அடுத்த வகுப்பில், அம்மா மார்க்கெட்டில் ‘பணம்’ என்று சொல்வதுபோல வாயைத் திறந்தபடியே மூக்கில் விட்டேன். ரியாதி கைதட்டினார். பாரிஸில் எந்தத் தெருவில் அறை எடுக்கலாம் என்று அன்று ராத்திரியே போனில் தேடினேன்.

ஆசை இருக்கிறது தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்கிறது கழுதை மேய்க்க. அடுத்த வாரம் ‘உ’ வந்தது.

பிரெஞ்சு ‘உ’ என்பது நம் உ அல்ல, ஊவும் அல்ல. நாக்கு ‘ஈ’ சொல்லும் இடத்தில் இருக்க வேண்டும். உதடு மட்டும் ‘ஊ’வுக்குக் குவிய வேண்டும். உள்ளே ஒரு ஊர், வெளியே ஒரு ஊர். நான் உதட்டைக் குவித்தால் நாக்கும் கூடவே பின்னால் ஓடி வந்தது. நாக்கைப் பிடித்து வைத்தால் உதடு இளித்தது. கல்யாண வீட்டில் சண்டை போட்டுக்கொண்ட சம்பந்திகள்போல இரண்டும் ஒரே இடத்தில் உட்கார மறுத்தன.

“கார்த்திக்தா, இது ஊ. எனக்கு உ வேணும்,” என்பார் ரியாதி, வங்காளத்தில்.

“ஈ,” என்பேன்.

“இப்ப ஈ.”

“ஊ.”

வகுப்பில் மற்றவர்கள் கடந்த காலம், எதிர்காலம் என்று போய்க்கொண்டிருந்தார்கள். நான் ஈக்கும் ஊவுக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தேன்.

கண்ணாடி பார்த்துப் பழகச் சொன்னார். குளியலறைக் கண்ணாடியில் பழகியதில் அப்பா கதவைத் தட்டி வயிறு சரியில்லையா என்று கேட்டார். மெட்ரோவில் ஜன்னல் கண்ணாடியில் என் உருவத்தைப் பார்த்து உதட்டைக் குவித்துக்கொண்டு வந்தேன். அந்தக் கண்ணாடிக்கு முன்னால் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார் என்பதை நான் கவனிக்கவில்லை. அவர் கவனித்தார். அவருடைய அண்ணனும் கவனித்தார். அன்று இரண்டு ஸ்டேஷன் முன்னதாகவே இறங்கி நடந்தேன். உடம்புக்கு நல்லது.

இந்த இடத்தில் எங்கள் அக்காவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் அந்த ‘உ’வின்மேல் அவள் வாழ்க்கையும் தொங்கிக்கொண்டிருந்தது.

அக்கா மீனா பள்ளிக்கூட டீச்சர். எதிர்வீட்டு சுபோவை அவள் காதலித்தாள். சுபோதா கிடர்பூர் பக்கம் கப்பல் சரக்குக் கம்பெனியில் வேலை செய்தார். நல்ல மனிதர், அதிர்ந்து பேச மாட்டார். விஷயம் எனக்கு மட்டும் தெரியும். அப்பாவும் கிடர்பூரில்தான், துறைமுக ஆபீஸில் இருந்தார். தினமும் ஒரே பஸ்ஸில் போகும் சுபோதாவை அவருக்குப் பிடிக்கும். ஆனால் பஸ்ஸில் இடம் பிடித்துக் கொடுப்பவரைப் பிடிப்பது வேறு, மாப்பிள்ளையாகப் பிடிப்பது வேறு. இதற்குள் மதுரையிலிருந்து ஒரு வரன் வந்தது. என் தேர்வுக்கு அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு.

“டேய், உன் பரீட்சை சனிக்கிழமைதானே?” என்றாள் அக்கா. “நீ நல்லாப் பண்ணிட்டேன்னா அப்பா குளிர்ந்துபோயிருப்பாரு. அந்த நேரம் பாத்து நான் சுபோ விஷயத்தச் சொல்லிர்றேன். சொதப்பினே, அவரு மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு மதுரைக்காரங்களுக்கே சரின்னு சொல்லிருவாரு. பாத்துக்க.”

“எனக்கு அந்த உ மட்டும்தாங்க்கா வரல.”

“வர வை,” என்றாள். பத்து நாளாகச் சரியாகச் சாப்பிடாமல் இருந்தாள் அக்கா. அவளைப் பார்க்கப் பயமாகவும் பாவமாகவும் இருந்தது. அன்றுதான் முதல்முதலாக பாரிஸுக்காக அல்லாமல் அந்த எழுத்தைக் கற்றுக்கொள்ள விரும்பினேன்.

அப்பாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. வீட்டில் தமிழ் சுத்தமாக இருக்க வேண்டும் அவருக்கு. நாங்கள் இங்கேயே பிறந்து வளர்ந்ததால் எங்கள் தமிழில் மீன் வாடை அடிக்கிறது என்பார். வங்காள நாக்கு ‘அ’ வர வேண்டிய இடத்தில் சுலபமாக ‘ஒ’ போட்டுவிடும். சாப்பிடும்போது நாங்கள் யாராவது அப்படிச் சொல்லிவிட்டால் தட்டைப் பார்த்துக்கொண்டே “அ” என்பார். சரியாகத் திருப்பிச் சொன்னால்தான் ரசம். வீடு பற்றி எரிந்தாலும் அவர் காதில் முதலில் விழுவது உச்சரிப்புதான்.

இனி சங்கு. அப்பாவும் அம்மாவும் கல்யாணமான புதிதில் மாற்றலாகி பெஹாலாவுக்கு வந்த முதல் நாள், விளக்கு வைக்கும் நேரத்தில் பக்கத்து வீட்டில் சங்கு ஊதினார்களாம். நம் பக்கம் சங்கு ஊதினால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும். அம்மா, பாவம் எழவு வீடு என்று அடுப்பை அணைத்திருக்கிறார். உடனே எதிர்வீட்டில் ஒரு சங்கு. அப்புறம் மூலைவீட்டில். “ஏங்க, இந்தத் தெருவுல ஏதோ கொள்ளை நோய்ங்க, நாளைக்கே ஊருக்குக் கிளம்பிருவோம்,” என்று பெட்டியை எடுத்துவிட்டாராம். இங்கே சங்கு மங்கலம் என்று புரிய அவருக்கு ஒரு வாரம் ஆயிற்று.

தினமும் அந்தி நேரத்தில் ஊதுவார்கள். கல்யாணம் நிச்சயமானால் ஊதுவார்கள், கூடவே பெண்கள் நாக்கைச் சுழற்றி ‘உலு’ போடுவார்கள், நம் ஊர்க் குலவை மாதிரியேதான். பூமி அதிர்ந்தாலும் சங்கும் உலுவும்தான். எங்கள் சந்தில் இதற்கு எழுதாத சட்டம் ஒன்று உண்டு. ஒரு வீட்டில் உலு கேட்டால் மற்ற வீடுகள் உடனே பதில் கொடுக்க வேண்டும். எதற்கு என்று கேட்பதெல்லாம் பிறகு. சுபோதாவின் அம்மாவை நாங்கள் காக்கிமா என்போம், இங்கே சித்திமுறை அதுதான். அந்தக் காக்கிமா இதில் சந்துக்கே தலைவி. அவர் சங்கு ஊதினால் அந்தப் பக்கம் தாராதலா மெயின்ரோட்டில் போகிற பஸ் நிற்கும்.

தேர்வுக்கு முந்தின வகுப்பில் ரியாதி கடைசி அஸ்திரத்தை எடுத்தார். “உயரமான குரல்ல சொல்லிப் பாருங்க. குரல் மேல போனா நாக்கு முன்னால வரும். முதல்ல அந்த உ, அப்புறம் சாதாரண ஊ. முன்னால லகரம் சேத்துக்குங்க. லு, லூ, லு, லூ. மெதுவா ஆரம்பிச்சு வேகமாப் போங்க. நாக்கு தானா ஓடும்.”

செய்தேன். ஓடியது! நாலைந்து முறைக்கு ஒருமுறை அசல் ‘உ’ வந்து விழுந்தது. தேர்வுக்கு முன்னால் பத்து நிமிடம் இப்படிச் சூடேற்றிக்கொண்டால் போதும் என்றார்.

சனிக்கிழமை. பாரிஸில் மதியம் என்றால் நமக்கு அந்தி. எனக்காக வீடே தியாகம் செய்தது. அப்பா கிரிக்கெட்டைச் சத்தமில்லாமல் பார்த்தார். அம்மா வெற்றிக்காகக் கேசரி கிண்டினார், நெய் வாசம் சந்து முழுக்கப் போயிற்று. காலையில்தான் ஹௌராவிலிருந்து சித்தப்பா ஒரு கூடை பழத்தோடு வந்து, மதுரைக்காரர்களை எப்படி வரவேற்பது என்று வாசலில் நின்று உரக்கப் பேசிவிட்டுப் போயிருந்தார். போன வாரம் ஜன்னலுக்குப் புதுத் திரை வேறு மாட்டியிருந்தோம். எங்களுக்கு இவையெல்லாம் தனித்தனி விஷயங்கள். எதிர் ஜன்னலிலிருந்து பார்த்த காக்கிமாவுக்கு எல்லாம் ஒரே கணக்கில் வந்து சேர்ந்தது.

புழுக்கம் தாங்காமல் ஜன்னலைத் திறந்து வைத்தேன். சட்டைக்கு டை கட்டியிருந்தேன். கீழே பெர்முடாஸ். (கேமரா இடுப்புவரைதானே!) கண்ணை மூடினேன். அக்காவை நினைத்துக்கொண்டேன். குரலை எவ்வளவு உயர்த்த முடியுமோ அவ்வளவு உயர்த்தி ஆரம்பித்தேன்.

“லு… லூ… லு… லூ… லுலூலுலூலுலூலுலூலு!”

ஐயா, சொன்னால் நம்ப மாட்டீர்கள், அற்புதமாக வந்தது. அத்தனை மாதம் ஒளிந்திருந்த அந்த ‘உ’ சரம் சரமாக வந்து கொட்டியது. சந்தோஷத்தில் நிறுத்த மனமில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு இன்னொரு சுற்று விட்டேன்.

எதிர்வீட்டில் காக்கிமா அந்திச் சங்கைக் கையில் எடுத்த நேரம் அது. தமிழர் வீட்டில் உலு! பழக்கூடை, நெய் வாசம், புதுத் திரை, இப்போது உலு. மீனாவுக்கு நிச்சயமாகிவிட்டது! அந்த நல்ல மனுஷி மனம் நிறைந்து சங்கை ஊதினார். தன் மகன் உள்ளே முகத்தில் நுரையோடு சவரம் செய்துகொண்டிருக்கிறான் என்பதோ, அவன் காதலுக்குத்தான் தமிழ் முறைப்படி தாம் சங்கு ஊதுகிறோம் என்பதோ அவருக்குத் தெரியாது.

மூலைவீட்டிலிருந்து உலு. மாடிவீட்டிலிருந்து இரண்டு சங்கு. சந்து முழுக்கப் பற்றிக்கொண்டது. பாதிப் பேர் கல்யாணம் என்று உலு போட, அவர்கள் போட்டதைக் கேட்ட மீதிப் பேர் “பூமிகொம்போ! பூமிகொம்போ!” என்று நிலநடுக்கத்துக்குப் பயந்து வாசலுக்கு ஓடினார்கள். வேட்டி, துண்டு, ஒரு கையில் டிவி ரிமோட், ஒருவர் தம் மீன்தொட்டியைத் தூக்கிக்கொண்டு. கண்ணைத் திறந்து பார்த்த எனக்கு ஒன்றும் புரியவில்லை. அடுத்த நொடி எங்கள் சமையலறையிலிருந்தே ஒரு குலவை கிளம்பிற்று. அம்மா! மேலூர்க்காரி. முளைப்பாரிக்குக் குலவை போட்டு வளர்ந்த நாக்கு சும்மா இருக்குமா?

(“எதுக்கும்மா போட்டீங்க?” என்று பிற்பாடு கேட்டேன். “ஊரே போடுது. நாம போடலைன்னா நல்லாவா இருக்கும்?” “என்ன விசேஷம்னு தெரியுமா?” “அது யாருக்குத் தெரியும்! ஊதுற சங்கை ஊதி வைப்போம், விடியும்போது விடியட்டும்.”)

லேப்டாப் மணி அடித்தது. பாரிஸ்.

திரையில் வெள்ளிமுடி அம்மாள் ஒருவர், மூக்குக்கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு புன்னகைத்தார். நான் ‘போன்ஜூர்’ சொல்ல வாயைத் திறந்தேன். கதவைத் தள்ளிக்கொண்டு அப்பா வந்தார்.

“டேய், பூகம்பம்! அந்தப் பொட்டிய மூடிட்டு வெளிய ஓடியா!”

“அப்பா, பரீட்சை!”

அப்பா திரையைப் பார்த்தார். பெண்பிள்ளை என்றதும் லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டு, இரண்டு கையும் கூப்பி முறையாக ஒரு வணக்கம் போட்டார். பிறகு படியில் ஓடினார். பாதிப் படியிலேயே காக்கிமா தலைமையில் ஒரு மகளிர் படை இனிப்புத் தட்டோடு ஏறிவந்து அவரையும் சேர்த்து மேலே தள்ளிக்கொண்டு வந்தது. உலு என் ஜன்னலிலிருந்து வந்தது என்பதால் படை நேராக என் அறைக்குள்தான் நுழைந்தது.

“மீனாவுக்குப் பேச்சு முடிஞ்சிருச்சாமே! எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?” என்று காக்கிமா வங்காளத்தில் கேட்டுக்கொண்டே அப்பாவின் வாயில் ஒரு சந்தேஷைத் திணித்தார். அப்பா பதில் சொல்ல முடியாமல் மென்றார்.

திரையில் அம்மாள் பிரெஞ்சில் நிதானமாகக் கேட்டார். உங்கள் வீட்டில் ஏதாவது கொண்டாட்டமா?

நான் தயார் செய்து வைத்திருந்த தலைப்புகள் மூன்று: என் குடும்பம், எனக்குப் பிடித்த பருவம், அருங்காட்சியகத்தில் ஒரு நாள். மூன்றில் எதிலும் சங்கு இல்லை. ‘என் அம்மா நன்றாகச் சமைப்பார்’ என்றேன்.

அப்போதுதான் சுபோதா வந்தார். ஒரு கன்னத்தில் நுரை, மறு கன்னம் மழமழ. பனியன். காலில் இரண்டு வேறு செருப்பு. எல்லோரையும் விலக்கிக்கொண்டு அப்பாவின் முன்னால் வந்து நின்றார். அதிர்ந்து பேசாத மனிதர் தமிழில் பேசினார். அக்காவிடம் ரகசியமாகத் தமிழ் படித்திருக்கிறார்! வங்காள எழுத்தில் எழுதி மனப்பாடம் செய்ததால், இருந்த ‘அ’வெல்லாம் ‘ஒ’வாகிவிட்டது.

“மாமா, மீனாவெ நான் கொல்யாணம் பொண்ணிக்கிறேன். நொல்லா பாத்துக்குவேன். வேறெ எடத்துலெ குடுக்காதீங்கொ.”

உலு நின்றுபோயிற்று. சந்துக் கடைசியில் மட்டும் ஒரு சங்கு விடாமல் ஊதிக்கொண்டிருந்தது. வாசலில் அக்கா நின்றாள், முகத்தில் ரத்தமே இல்லை. என்னால்தான் இத்தனையும் என்று எனக்கு அந்த நொடிதான் புரிந்தது. பூமி நிஜமாகவே பிளந்தால் தேவலை என்றிருந்தது.

அப்பா சந்தேஷை விழுங்கினார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

“என்ன சொன்ன?”

“கொல்யாணம், மாமா.”

“கல்யாணம்,” என்றார் அப்பா. “க. அ. வாயத் தொறந்து சொல்லு. அ.”

“ஒ,” என்றார் சுபோதா, நுரையோடு.

“அ.”

“ஒ.”

திரையிலிருந்த அம்மாள் எழுந்து கேமராவுக்கு அருகில் வந்துவிட்டார். அந்த இளைஞர் என்ன கேட்கிறார் என்று என்னிடம் கேட்டார். தலைப்புகளெல்லாம் மறந்துபோய், கைவசம் இருந்த சொற்களை அள்ளி முதல்முதலாக மனதிலிருந்து பிரெஞ்சு பேசினேன். ‘இவருக்கு என் அக்கா வேண்டும். என் அப்பாவுக்கு ஓர் அ வேண்டும்.’

‘அக்காவுக்கு என்ன வேண்டும்?’ என்றார் அம்மாள்.

நியாயமான கேள்வி. அந்த அறையில் யாருமே கேட்காத கேள்வி. நான் திரும்பி, “அக்கா, உனக்கு என்ன வேணும்னு பாரிஸ்ல கேக்குறாங்க,” என்றேன்.

அக்கா உள்ளே வந்தாள். அப்பாவைப் பார்த்துத்தான் பேசினாள். “எனக்கும் இவருதாம்ப்பா வேணும். ரொம்ப நாளா. ஒங்ககிட்ட சொல்லப் பயமா இருந்துச்சு.” சொல்லிவிட்டு அழுதாள். காக்கிமா சட்டென்று தட்டை என் தலைமேல் (வேறு இடம் கிடைக்கவில்லை) வைத்துவிட்டு அவளை அணைத்துக்கொண்டார்.

அப்பா யாரையும் பார்க்கவில்லை. “மொதல்ல ‘அ’ சொல்லிப் பழகிட்டு வரச் சொல்லு. அப்புறம் பேசலாம்,” என்றுவிட்டு டிவி முன்னால் போய் உட்கார்ந்தார். அக்கா இன்னும் பலமாக அழுதாள். அம்மாதான் காதோடு சொன்னார்: “அடியேய், அவரு வேணாம்னு சொல்லலடி.”

தேர்வில் நான் தேறவில்லை. நான் உணர்ச்சியோடு பேசியதைப் பாராட்டி, அந்த ‘உ’ மட்டும் இன்னும் கைகூடவில்லை என்று முடிவு வந்தது. இதைவிட அநியாயம் உண்டா? பெஹாலாவையே எழுப்பிய ‘உ’! தேர்வில் பேசியபோது மட்டும் வழக்கம்போல ஊ ஆகியிருந்தது. இன்றைக்கும் ஆங்கிலத்தில்தான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். மீன்காரர் பாரிஸ் மீனைப் பற்றி இன்னமும் விசாரிக்கிறார். ரியாதியிடம் நடந்ததைச் சொன்னபோது சிரித்துச் சிரித்துக் கரும்பலகையில் சாய்ந்து, முதுகில் ஒரு வினைச்சொல்லோடு வீட்டுக்குப் போனார்.

அதன்பிறகு சுபோதா தினமும் சாயங்காலம் வந்து அப்பாவின் எதிரில் உட்கார்ந்து “ஒ” சொன்னார். அப்பா விடாமல் “அ” சொன்னார். மதுரைக்காரர்களிடம் வர வேண்டாம் என்று அன்றிரவே போனில் சொல்லியிருக்கிறார் என்பது எங்களுக்குப் பின்னால்தான் தெரியும். இடையில் எனக்கே சுபோதாமேல் பரிதாபம் வந்து, மொட்டைமாடிக்குக் கூட்டிப்போய் வாயைத் திறக்கப் பழக்கினேன். ஓர் எழுத்தில் தோற்றவன் இன்னோர் எழுத்துக்கு வாத்தியார்! ஒரு மழைநாளில் அப்பா எழுந்து, குடையை எடுத்து சுபோதாவின் கையில் கொடுத்தார்.

“இவனுக்கு அ வரப்போறதில்ல,” என்றார் அம்மாவிடம். “பேரப்பிள்ளைக்காவது வரட்டும். நாள் பாரு.”

கல்யாணத்தில் காக்கிமா ஒரே பிடிவாதமாக இருந்தார். முதல் உலு கார்த்திக்தான் போட வேண்டுமாம். ஆண்கள் போடுவது வழக்கமில்லை என்று புரோகிதர் முனகினார். ‘இவன் போட்டதால்தான் இந்தக் கல்யாணமே,’ என்று காக்கிமா வாயை அடைத்துவிட்டார். இருவீட்டார் முன்னிலையில், பட்டு வேட்டியோடு, குரலை உயர்த்தி நான் அந்த லு-லூவைப் போட்டேன். வீடியோவில் இருக்கிறது. யார் வந்தாலும் தாலி கட்டுவதைத் தாண்டிவிட்டு அதைத்தான் போட்டுக் காட்டுகிறார்கள். அதுமுதல் எங்கள் சந்தில் பூணூல், புதுமனை, புது ஸ்கூட்டர் எதுவானாலும் ஆரம்பித்து வைக்க ஆள் அனுப்புகிறார்கள். சூடான டீயை ஊதுவதற்கு நான் உதட்டைக் குவித்தால்கூட எங்கள் வீட்டில் யாராவது “சங்கை எடு!” என்று கத்துகிறார்கள்.

அக்காவின் மகளுக்கு இப்போது இரண்டு வயது. போன ஞாயிற்றுக்கிழமை அப்பா அவளை மடியில் வைத்துக்கொண்டு, எதற்கும் இருக்கட்டும் என்று, “அ சொல்லு,” என்றார். “அ,” என்றாள், சுத்தமாக. அப்பா எங்கள் எல்லோரையும் ஒருமுறை பார்த்தார். சுபோதாவைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தார்.

“மாமா என்ன சொல்வான்?” என்று அக்கா தூண்டிவிட்டாள்.

குழந்தை என்னைப் பார்த்து உதட்டைக் குவித்தாள். நாக்கு ஈயில், உதடு ஊவில். ஒரு மெனக்கெடலும் இல்லாமல், அசல் பாரிஸ் ‘உ’. நான் மாதக்கணக்கில் கண்ணாடி முன்னால் நின்று தேடிய அதே ‘உ’. பிறகு அவளுக்கே அது பிடித்துப்போய், குரலை உயர்த்தி, நிறுத்தாமல் சொல்ல ஆரம்பித்தாள்.

எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. என்ன விசேஷம் என்று காக்கிமா கேட்கவில்லை. அவர் என்றைக்குக் கேட்டார்? நேராகச் சங்கை எடுத்தார்.